செவுளுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

வெயில், உப்பு, மூச்சுமுட்டல் மூன்றும் ஒரே நாளில் வந்து நின்றால் ஒரு மீன் என்ன செய்யும்? ஓட்டப்பிடாரம் கரையில் அதன் உடம்புக்குள் எட்டிப் பார்க்கலாம், வாங்க!

ஓட்டப்பிடாரம் என்றதும் வ.உ.சி. பிறந்த ஊர், பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சி என்றுதான் பலருக்கும் நினைவு ஓடும். அந்த வட்டத்துக்கு அழகான கடற்கரையும் உண்டு. தருவைகுளம், பட்டினமருதூர், வேப்பலோடை என்று நீளும் அந்தக் கரையை ஒட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். பாத்திக்கு விடும் முன் கடல்நீரைத் தேக்கி வைக்கிறார்களே, அந்த இடத்தில் குனிந்து பாருங்கள். உச்சி வெயிலில் வெள்ளியாக மின்னிக்கொண்டு ஒரு பால்மீன் ஓடும். கீச்சானும் மடவையும்கூடக் கண்ணில் படும். குஞ்சாக இருந்தபோது கடல்நீரோடு உள்ளே வந்தவை.

பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பால்மீனின் உடம்புக்குள் அந்த நிமிடம் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மலைத்துப் போவீர்கள்!

முதலில் சூடு. மீனுக்கு நம்மைப் போல நிலையான உடல் வெப்பம் கிடையாது. நீர் சுட்டால் உடம்பும் சுடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால், சும்மா உயிரோடு இருப்பதற்கு ஆகும் செலவே ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். சில மீன்களில் மூன்று மடங்கு.

இரண்டாவது உப்பு. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறிக்கொண்டே போகும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மீனின் ரத்தத்திலோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். தேக்கத்தில் உப்பு இரண்டு மடங்கானால், வெளிக்கும் உள்ளுக்குமான வித்தியாசம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அந்த வித்தியாசத்தை இரவு பகலாகத் தாக்குப்பிடிக்க வேண்டும்.

மூன்றாவது மூச்சு. நல்ல நீரில் 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறையும். அதே 30 டிகிரியில் கடல்நீர் என்றால் சுமார் 6.2. உப்பு இன்னும் ஏறினால் இன்னும் குறைவு. செலவு ஏறுகிற அதே நேரத்தில் ஆக்சிஜன் வரவு இறங்குகிறது!

மாலையானால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை உறிஞ்சும். அதனால் சூடு உச்சத்தில் இருப்பது நடுப்பகல். மூச்சு மிகவும் முட்டுவது விடியலுக்குச் சற்று முன்பு. ஒரு தொல்லை ஓய்ந்ததும் அடுத்தது வந்து நிற்கும்.

இத்தனைக்கும் நடுவில் அந்த மீன் வளர வேண்டும், நோயை எதிர்க்க வேண்டும், ஒருநாள் கடலுக்குத் திரும்ப வாய்த்தால் சினை பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆற்றல் என்ற ஒரே பணப்பை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செலவாக வெட்டும் கணக்குப்பிள்ளை ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பேரேட்டைத்தான் இப்போது புரட்டப் போகிறோம்!

நூறு ரூபாய் எங்கே போகிறது?

கனடாவின் பிரெட், குரோவ்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1979-ல் பல மீன்களின் அளவீடுகளைத் திரட்டி ஒரு சராசரிக் கணக்குப் போட்டார்கள். மீன் தின்னும் மீன் ஒன்று 100 ரூபாய்க்குச் சாப்பிட்டால், 27 ரூபாய் கழிவாகப் போய்விடும். 44 ரூபாய் மூச்சுவிட, நீந்த, செரிக்க, உப்பைச் சமாளிக்க என்று உயிர் வாழ்வதற்கே செலவாகும். மிஞ்சுகிற 29 ரூபாய்தான் சதையாக வளரும். பாசி தின்னும் மீனுக்கு இன்னும் நெருக்கடி: கழிவு 43, உயிர்ச்செலவு 37, வளர்ச்சி வெறும் 20. நம் பால்மீன் தேக்கத்தின் அடியில் படியும் பாசிப் படலத்தை மேய்ந்து வாழ்வது. இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் நிற்பது.

இதில் என்னைத் துள்ள வைத்த விஷயம், சாப்பிடுவதற்கும் செலவு உண்டு என்பது! இரை உள்ளே போனதும் அதை உடைத்துப் புதுப் புரதமாகக் கட்டும் வேலை தொடங்கும். ஆக்சிஜன் தேவை மளமளவென்று ஏறும். வயிறு முட்டத் தின்ற மீனில் அது இரண்டு மடங்கைத் தொடுவதும் உண்டு. அதனால்தான் ஆக்சிஜன் குறைந்த குளத்தில் மீன் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. செரிக்க ஆகும் மூச்சு கையில் இல்லை, ஆகவே பசியையே கணக்குப்பிள்ளை அணைத்துவிடுகிறார். மீன் வளர்ப்பவர்கள் காலையில் தீவனம் மிதப்பதைப் பார்த்ததும் காற்றூட்டியைப் போட ஓடுவது இதனால்தான்.

செவுளைத் திறந்து பார்த்தால்...

சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அந்தச் சிவப்புத் தகடுகளில்தான் முக்கால்வாசிக் கூத்தும் நடக்கிறது!

கடல்மீன் நீர் குடிக்கும். ஆமாம், நிஜமாகவே குடிக்கும். வெளியே உப்பு அதிகம் என்பதால் உடம்பின் நீர் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டக் கடல்நீரையே குடித்து, குடலில் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. கூடவே வந்த உப்பை என்ன செய்வது? செவுளில் அதற்கென்றே தனி உயிரணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நுண்ணிய பம்புகள். உப்பை அள்ளி அள்ளி வெளியே தள்ளுவதே அவற்றின் வேலை. 1930-களின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் ஆன்செல் கீஸ். பிற்காலத்தில் கொழுப்புணவையும் இதயநோயையும் இணைத்துப் பேசி உலகப் புகழ்பெற்றாரே, அவரேதான்!

குடித்த நீரிலுள்ள கால்சியம் குடலிலேயே சுண்ணாம்புத் துணுக்காக மாறி வெளியே வந்துவிடும். கடலில் உருவாகும் சுண்ணாம்பில் 3 முதல் 15 சதவீதம் வரை மீன்களின் குடலிலிருந்து வரலாம் என்று 2009-ல் ஒரு ஆய்வுக்குழு கணக்கிட்டது. மீன் தாகம் தணித்ததன் மிச்சம் கடலடியில் படிகிறது என்றால் நம்ப முடிகிறதா?

இப்போது சிக்கலைப் பாருங்கள். மூச்சு முட்டினால் மீன் என்ன செய்யும்? செவுளை நன்றாக விரித்து, அதில் ரத்தத்தைக் கூடுதலாகப் பாய்ச்சும். ஆக்சிஜன் கூடும். ஆனால் அதே விரிந்த வாசல் வழியாக உப்பும் கூடுதலாக உள்ளே வரும், நீரும் கூடுதலாக வெளியே போகும். உப்பைத் தள்ளப் பம்புகள் வேகம் எடுக்கும். பம்புக்கு ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனுக்குச் செவுளை இன்னும் விரிக்க வேண்டும்! மூச்சும் உப்பும் ஒரே வாசலில் மோதிக்கொள்ளும் இடம் இது.

இன்னொரு ரகசியமும் உண்டு. மன அழுத்தத்தின்போது நம் ரத்தத்தில் ஏறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மீனுக்கும் இருக்கிறது. ஆனால் மீனில் அதற்கு இரட்டை வேலை. ஆபத்து வந்தால் சேமிப்பை உடைத்துக் கொடுப்பதும் அதுதான். கடல்நீருக்கு ஏற்றபடி செவுளின் உப்புப் பம்புகளைக் கட்டச் சொல்வதும் அதுதான். அது நெடுநாள் உயர்ந்தே இருந்தால் வளர்ச்சி மங்கும், நோயெதிர்ப்பும் தளரும்.

அளப்பது எப்படி?

தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. 1977-ல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது. தருவைகுளத்திலேயே அந்தக் கல்லூரியின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பவளப்பாறைகளை ஆராயும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் தூத்துக்குடியில்தான். மீனின் வரவு செலவை அளக்கும் கலை இருக்கிறதே, உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் நடந்தாலும் அது பார்க்கப் பார்க்கத் தெவிட்டாதது!

மீனை ஒரு நாள் பட்டினி போடுவார்கள், செரிமானச் செலவு கணக்கில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகு ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் விடுவார்கள். குழாயில் ஆக்சிஜன் அளக்கும் கருவி. சில நிமிடம் குழாயை மூடி, ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பார்கள். பிறகு புதுநீர் விட்டு, மறுபடியும் மூடுவார்கள். புது இடத்துக்கு வந்த பயம் தெளியவே மீனுக்குப் பல மணி நேரம் ஆகும். அதனால் இரவு முழுக்கக் கருவி ஓடும். எல்லாரும் தூங்கும் நேரத்தில், மீன் அசையாமல் இருக்கும்போது கிடைக்கும் மிகக் குறைந்த அளவுதான் உயிர்ச்செலவு. அடுத்து, அதே மீனைக் களைத்துப் போகும்வரை விரட்டிவிட்டு அளப்பார்கள். அது உச்ச அளவு. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் மீன் நீந்தவும் செரிக்கவும் வளரவும் சினை கட்டவும் கையில் வைத்திருக்கும் மொத்த வசதி.

டொரண்டோ விஞ்ஞானி ஃபிரை 1947-லேயே இந்த இடைவெளியைப் பற்றிச் சொல்லிவிட்டார். சூடு உயிர்ச்செலவு என்ற கீழ் எல்லையை மேலே தள்ளும். ஆக்சிஜன் பற்றாக்குறை உச்ச அளவு என்ற மேல் எல்லையைக் கீழே அழுத்தும். இரண்டும் சேர்ந்தால் இடைவெளி இரு பக்கமும் நசுங்கும். மீன் சாகாது. ஆனால் எதையும் செய்ய வசதியில்லாமல் உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும்.

மதுரை விரால் சொன்ன பாடம்

இந்தக் கணக்கில் நம் மண்ணின் பங்கு பெரிது. மதுரையில் பேராசிரியர் டி.ஜே. பாண்டியன், மீன்களின் ஆற்றல் கணக்கை உலக அளவில் பேசவைத்தவர். 1987-ல் வெர்ன்பெர்க் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து விலங்குகளின் ஆற்றல் பற்றி இரண்டு தொகுதிகள் பதிப்பித்தார். 1970-களில் அவரும் இ. விவேகானந்தனும் விராலை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எளிமையிலும் எளிமை, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்த சோதனை!

விரால் நீரில் வாழ்ந்தாலும் மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் செத்துவிடும். விரால் குஞ்சுகளை வெவ்வேறு ஆழமுள்ள தொட்டிகளில் விட்டார்கள். ஆழம் கூடிய தொட்டியில் ஒவ்வொரு மூச்சுக்கும் நெடுந்தூரம் ஏறி இறங்க வேண்டும். ஆழம் கூடக் கூட, தின்ற இரை சதையாக மாறும் பங்கு குறைந்தது. வளர்ச்சிக்குப் போக வேண்டியதை மூச்சுக்கான பயணம் விழுங்கிவிட்டது. பட்டினி போட்ட விரால்களோ நடமாட்டத்தையே சுருக்கிக்கொண்டன. அதே விவேகானந்தன் பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, கடல் சூடேறும்போது நெய்ச்சாளை போன்ற மீன்கள் இடம் பெயர்வதை ஆராய்ந்தார். தொட்டியில் தொடங்கிய கேள்வி கடல்வரை போனது!

எதை முதலில் வெட்டுவார் கணக்குப்பிள்ளை?

உயிர்ச்செலவில் கை வைக்க முடியாது. இதயம் நின்றால், உப்புப் பம்பு நின்றால் கதை முடிந்தது. அதனால் முதல் வெட்டு பெரும்பாலும் வளர்ச்சிக்கு. அடுத்து ஈரலிலும் குடலைச் சுற்றியும் தசையிலும் சேர்த்துவைத்த கொழுப்பு கரையும். அதற்கும் மேலே போனால் சினை.

சினையில் நடப்பதைக் கேட்டால் மெய்சிலிர்க்கும். பாதி வளர்ந்த முட்டைகளை மீன் தன் உடம்புக்குள்ளேயே கரைத்து, போட்ட முதலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்! நெடுநாள் வாழும் மீன்கள் ஒரு பருவம் முட்டை போடாமலே விட்டு, அடுத்த நல்ல காலத்துக்குக் காத்திருப்பதும் உண்டு. களவா போன்றவற்றுக்குக் காத்திருக்க ஆண்டுகள் இருக்கின்றன. ஓரிரு ஆண்டே வாழும் சாளைக்கு அந்த வசதி இல்லை. அது உடம்பைச் சுருக்கியாவது சினையைக் காப்பாற்றப் பார்க்கும். ஆகவே வெட்டும் வரிசை எல்லா மீனுக்கும் ஒன்றில்லை. மீனின் ஆயுள் எவ்வளவோ அதற்கேற்ற கணக்கு.

தராசில் எடை பார்த்து இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்போம். முடியாது! கொழுப்பு கரைந்த இடத்தில் நீர் வந்து உட்கார்ந்துகொள்ளும். எடை அவ்வளவாகக் குறையாது. ஆனால் ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 39 கிலோஜூல் ஆற்றல். நீரில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் மீனை உலர்த்திப் பொடித்து, ஆக்சிஜன் நிரப்பிய எஃகுக் கலத்தில் எரித்து, எவ்வளவு வெப்பம் வருகிறது என்று அளக்கிறார்கள்.

மீன் வெட்டுபவர்களுக்குக் கருவியே தேவையில்லை. "அண்ணாச்சி, பெருசா இருக்கே, இதைப் போடுங்க" என்று கேட்டால், வயிற்றைக் கீறிப் பார்த்த கையோடு, "இது சினை விட்ட மீனு தாயி, சதையில ருசி இருக்காது, அதை எடுத்துக்கோங்க" என்று பக்கத்து மீனைக் காட்டுவார்கள். பேரேட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள்!

ஒன்றும் ஒன்றும் எப்போதும் இரண்டில்லை

தொல்லைகள் சேரும்போது என்ன ஆகும்? கடலில் இரண்டு தொல்லைகளைச் சேர்த்துப் பார்த்த 171 ஆய்வுகளை 2008-ல் கிரெயின் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் அலசினார்கள். 26 சதவீதத்தில் மட்டுமே பாதிப்பு இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சரியாக இருந்தது. 36 சதவீதத்தில் கூட்டுத்தொகையைவிட அதிகம். 38 சதவீதத்தில் அதைவிடக் குறைவு. ஒரு தொல்லைக்குத் தயாரான உடம்பு சில சமயம் இன்னொன்றையும் தாங்கிவிடும். சில சமயம் முதல் தொல்லை பையைக் காலி செய்துவிட, இரண்டாவது சின்ன அடியிலேயே சாய்ந்துவிடும். விஞ்ஞானி இன்னா சொக்கொலோவா 2013-ல் எழுதியதன் சாரமும் இதுதான்: தாங்கும் எல்லையைத் தீர்மானிப்பது கையிருப்பு ஆற்றல்.

நம் கடலே இதைக் காட்டியிருக்கிறது. 2019 செப்டம்பர், அக்டோபரில் மன்னார் வளைகுடாவின் மண்டபம் பகுதியில் கடல் பச்சையாக மாறியது. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நுண்ணுயிர்ப் பெருக்கம். நீரில் ஆக்சிஜன் சரிந்து மீன்களும் பவளங்களும் செத்தன. 2016-ல் கடல் சூடேறி வெளுத்துப்போய், மீண்டுவந்துகொண்டிருந்த பவளப்பாறைகள் அவை.

2023 டிசம்பரில் நேரெதிர் அடி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. உப்பை வெளியே தள்ளிக்கொண்டிருந்த செவுள், இப்போது நல்ல நீரில் உப்பை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். பம்புகளைப் பிரித்து வேறு விதமாகக் கட்டச் சில நாள் பிடிக்கும். பால்மீனும் மடவையும் அந்த வித்தை தெரிந்தவை. தெரியாத மீனுக்கு அந்த ஒரு ராத்திரி போதும்.

முத்துச்சிப்பிக்கும் இதே கணக்குதான். 1973-ல் வேப்பலோடையில் விஞ்ஞானி கே. அழகர்சுவாமி தலைமையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்து பிறந்ததே, அந்தக் கரையில் நீர் அடிக்கடி கலங்கும். கலங்கல் நீரில் சிப்பி தன் செவுளில் ஏறும் சேற்றைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டைத் துளைக்கும் புழுக்கள் வந்தால் ஓட்டையும் பூச வேண்டும். அதெல்லாம் போக மிஞ்சுவதில்தான் முத்து!

கடல் சூடேறி ஆக்சிஜன் குறைந்துகொண்டே போனால், 2050-க்குள் உலகின் மீன்கள் சராசரியாக 14 முதல் 24 சதவீதம் சிறுத்துப்போகலாம் என்று 2013-ல் வில்லியம் செயுங் என்ற விஞ்ஞானியின் குழுவினர் மாதிரிக் கணக்கில் காட்டினார்கள். சூட்டை ஓட்டப்பிடாரத்தில் உட்கார்ந்து நாம் நிறுத்த முடியாது. ஆனால் மீன் எல்லாச் செலவையும் ஒரே பையிலிருந்துதான் கொடுக்கிறது. ஒரு செலவைக் குறைத்தால் இன்னொன்றைத் தாங்கும் தெம்பு அதற்குக் கிடைக்கும். கடலில் விடும் சாக்கடையைக் குறைத்தால் ஆக்சிஜன் மிஞ்சும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தை மதித்தால், அந்த நாட்களில் சினை கட்டும் மீன்களுக்கு அவகாசம் கிடைக்கும். நீரின் சூடு தனி, உப்பு தனி, ஆக்சிஜன் தனி என்று அதிகாரிகள் தனித்தனி எல்லை வகுப்பதோடு நிற்காமல், மூன்றும் சேர்ந்தால் மீனுக்கு என்ன ஆகும் என்பதையும் பார்த்து எல்லை வகுக்க வேண்டும்.

அடுத்த முறை மீன் வாங்கும்போது வயிற்றைக் கீறியதும் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். ஈரல் கொழுகொழுவென்று இருக்கிறதா, குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு உண்டா, சினை நிறைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். விரலளவுக் குஞ்சு மீனைக் கூறு கட்டி வைத்திருந்தால் வாங்காமல் நகருங்கள். வளர்ச்சிக்கென்று மிஞ்சும் அந்தச் சில ரூபாயை அது இப்போதுதான் செலவழிக்கத் தொடங்கியிருக்கிறது.